தேர்வு முடிவின் ஒற்றைப் பக்கத்தை யார் படித்துக் காட்டுவது?

அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வு முடிவுகள் இன்று இணையதளத்தில்தான் வெளியாகின்றன. விக்கிரமசிங்கபுரத்தில், பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரியில் பயிலும் மாணவரும் பதிவெண்ணை இட்டு அதே பக்கத்தைத்தான் திறக்கிறார். ஹார்வி ஆலையையும் தாமிரபரணிக் கரை வயல்களையும் நம்பி வாழ்ந்த இப்பகுதியின் பட்டியலினக் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்குள் நுழைந்தவர்களில் முதல் தலைமுறையினர் பலர். அப்பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்ல வீட்டில் எவரும் இல்லை. கணினி மையத்தில் பதினைந்து ரூபாய் கொடுத்து அச்செடுத்துக் கொண்டு, 'பாஸா, பெயிலா' என்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

தமிழகக் கலைக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்குரிய நூறு மதிப்பெண்ணில் பொதுவாக 25 அகமதிப்பீட்டுக்கும், 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கும் உரியவை. மொத்தத்தில் 40 பெறுவதுடன், எழுத்துத் தேர்வில் தனியாக 75க்கு 30 பெற வேண்டும் என்ற விதியும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. இப்போது இரண்டு தோல்விகளை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு அகமதிப்பீடு 24, எழுத்துத் தேர்வு 26, மொத்தம் 50. இன்னொருவருக்கு அகமதிப்பீடு 6, எழுத்துத் தேர்வு 33, மொத்தம் 39. முடிவுப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே எழுத்துதான். முதலாமவர் மறுமதிப்பீடு கோர வேண்டியவர். இரண்டாமவரோ, அந்த ஆறு மதிப்பெண் எவ்வாறு வந்தது என்று துறையில் கேட்க வேண்டியவர். மறுமதிப்பீடு எழுத்துத் தேர்வின் விடைத்தாளை மட்டுமே தொடும்; அகமதிப்பீட்டைத் தொடாது.

விடைத்தாளில் எழுதியவரின் பெயர் தெரியாது. அகமதிப்பீட்டை இடுபவருக்கோ மாணவரின் முகமும் ஊரும் தெருவும் தெரியும். சாதி புகுவதற்கான இடைவெளி இந்த 25இல் இருக்கிறது. எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்து சுகதேவ் தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையும், செய்முறைத் தேர்விலும் நேர்காணல் தேர்விலும் பாகுபாடு காட்டப்படுவதாக மாணவர்கள் கூறியதைப் பதிவு செய்துள்ளது. குறைந்த மதிப்பெண் யாவும் சாதியால் வந்தவை என்று நான் வாதிடவில்லை. எதனால் வந்தது என்று கேட்பதற்கே, எந்தக் கட்டத்தில் குறைந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். வகுப்புத் தேர்வுத் தாள்களையும் ஒப்படைப்புகளையும் பத்திரப்படுத்தாத மாணவரால் எதையும் நிறுவ இயலாது.

தரப்புள்ளியும் இவ்வாறே குழப்புகிறது. பல்கலைக்கழக மானியக்குழுவின் பத்துப் புள்ளி முறையில் 'ஓ' என்பது 10. 'பி' என்பது 4, அதாவது வெறும் தேர்ச்சி. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பதே பருவச் சராசரி. ஆகவே நான்கு கிரெடிட் முதன்மைப் பாடத்தில் சரிந்ததை இரண்டு கிரெடிட் பாடத்தின் உயர்ந்த தரம் ஈடுசெய்யாது. முதுகலைச் சேர்க்கையின்போதுதான் பலர் இதை அறிகிறார்கள். அப்போது அறிந்து என்ன பயன்?

'முடிவு நிறுத்திவைப்பு' என்ற குறிப்பு வேறு வகை. அது தோல்வியன்று. கட்டண நிலுவை, அகமதிப்பீடு வந்துசேராமை, பதிவுப் பிழை என எதுவும் காரணமாக இருக்கலாம். எழுத்து மூலம் காரணம் கேட்க வேண்டும். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு இப்போது நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது தாமதித்தால் கல்லூரியின் கண்ணில் கடனாளி மாணவரே. பஞ்சாபில் 2021இல் உதவித்தொகை பாக்கியைக் காட்டித் தனியார் கல்லூரிகள் தலித் மாணவர்களின் தேர்வுப் பதிவெண்களை நிறுத்திவைத்ததை நாம் கண்டோம்.

தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்வையிடவும் நகல் பெறவும் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று, ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பளித்தது. நகலுக்கு 500 ரூபாய் கேட்ட கம்பெனிச் செயலர்கள் நிறுவனத்தின் வழக்கிலும், அச்சட்டம் விதிக்கும் கட்டணத்தில் நகல் கேட்கும் வழி மூடப்படவில்லை என்று 2019இல் கூறியது. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்கு முப்பது நாள். ஆனால் மறுமதிப்பீட்டுக்கான கெடு அதற்கு முன்பே முடிந்துவிடக்கூடும். அது முடிவு வெளியாகும் நாளையொட்டி ஓடத் தொடங்குவது. எனவே இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். நம் படிப்பு வட்டங்கள் முடிவு வெளியாகும் மாலையில் கைப்பேசியோடு தெருவில் அமரட்டும். ஒவ்வொரு மாணவரின் பக்கத்திலும் அந்த இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதி வாங்கட்டும்.