மரத்தை வெட்டாதீங்க... ஜாயின்ட்டைப் பாருங்க!

வாசலில் நிழலுக்கு வைத்த வேம்பு, கழிவறைக் குழாயை அடைக்குமா? அடைக்கும். ஆனால், கசிவில்லாத குழாய்க்குள் வேர் எளிதில் போகாது. ஜாயின்ட்டில் கசியும் ஈரத்தைத் தேடி முடி போன்ற வேர் நுழையும். பிறகு உள்ளேயே சடைபிடித்துவிடும்.

எழுமலை பக்கம் கரிசல் நிலத்தில் வீடு கட்டியவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். கரிசல் மழைக்கு உப்பும், கோடையில் வெடிக்கும். அந்த அசைவில் பழைய குழாயின் சிமென்ட் பூச்சு விட்டுப்போகும்.

தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா, 'களக் களக்' சத்தம் கேட்கிறதா? வேரை மட்டும் வெட்டினால் திரும்ப வரும். கசியும் இடத்தைத் தோண்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டிய பி.வி.சி. குழாயாக மாற்றுங்கள். சேம்பர் ஓரம் முளைக்கும் அரசங்கன்றை உடனே பிடுங்கிவிடுங்கள்.

முக்கியமாக, அடைப்பெடுக்க யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். விஷவாயு ஆளைக் கொல்லும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பேரூராட்சியில் கேட்டு, கழிவுநீர் லாரியை வரவழையுங்கள்.