ஊரான் வீட்டு நெய்யும் உங்க ஃப்ரேம்வொர்க்கும்

நீங்க ஒரு ஆப் எழுதுறீங்க, அதுல இருபது லைப்ரரி சேர்க்கிறீங்கன்னா எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆப் உங்களோடது, தலைவலியும் உங்களோடது. ஆனால் நம்ம பசங்க இப்போ அடுத்த கட்டத்துக்குப் போயாச்சு. சிம்போசியம் ஆப், ஹாஸ்டல் மெஸ் ஆப், பஸ் ரூட் ஆப் எல்லாத்துக்கும் பொதுவா லாகின், நெட்வொர்க், நோட்டிஃபிகேஷன் அடங்கிய ஒரு ஃப்ரேம்வொர்க் எழுதி, "எல்லாரும் இதையே எடுத்துக்கோங்க"ன்னு கொடுக்கிறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அங்கே நீங்க சேர்க்கிற எந்த லைப்ரரியும் உங்க செலவுல வர்றதில்லை. "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே"ன்னு சொல்வாங்களே, அந்தக் கதை. ஆப் சைஸ் கூடுறது அவங்களுக்கு, பில்டு நேரம் போறது அவங்களுக்கு, க்ராஷ் ஆனா பிளே ஸ்டோர்ல ஒத்தை ஸ்டார் வாங்குறதும் அவங்கதான்.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். ஃப்ரேம்வொர்க் எழுதுறவர் வெளி லைப்ரரி விஷயத்தில் கஞ்சனாக இருக்கணும். சேர்த்தே ஆகணும்னா அது வெளியே தெரியாம இருக்கணும்.

கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா குடும்பத்தோட வருவாங்க. லைப்ரரியும் அப்படித்தான். ரெட்ரோஃபிட்டை மட்டும்தான் சேர்த்தோம்னு நினைப்பீங்க. அது ஓகேஹெச்டிடிபியைக் கூட்டி வரும், அது ஓகியோவைக் கூட்டி வரும். உங்க ஃப்ரேம்வொர்க்கை எடுக்கிற ஆப் ஏற்கெனவே தனியாக ஓகேஹெச்டிடிபி வைத்திருக்கிறது, அதுவும் வேறு வெர்ஷன். என்ன நடக்கும்? ஆண்ட்ராய்டில் கிரேடில் வழக்கமாக இரண்டில் எது புதுசோ அதை எடுத்துக்கொள்ளும். சண்டை இல்லை, சத்தம் இல்லை, பில்டு ஜோராக முடியும். ஆனால் உங்க ஃப்ரேம்வொர்க் பழைய வெர்ஷனை வைத்துக் கம்பைல் ஆகி வந்தது. அதில் இருந்த ஒரு மெத்தடைத் தேடிப் போகும். புதுசில் அதைத் தூக்கியிருந்தால், யூசர் அந்த ஸ்கிரீனைத் திறக்கும்போதுதான் "நோ சச் மெத்தட் எரர்" வந்து ஆப் விழும். ஐஓஎஸ் பக்கம் ஸ்விஃப்ட் பேக்கேஜ் மேனேஜர் இன்னும் கறார். ஒரு பேக்கேஜுக்கு ஒரே வெர்ஷன்தான். நீங்க 4-ல நிக்கிறீங்க, ஆப் 5-ல நிக்குதுன்னா பில்டுக்கே போகாம நிறுத்திடும். என்னைக் கேட்டா இந்தக் கறார்தான் நல்லது. டெமோ அன்னிக்கு விழறதுக்கு, முந்தின வாரமே விழுந்துடலாம்.

அதனால வெர்ஷன் விஷயத்துல ஆப்புக்கும் ஃப்ரேம்வொர்க்குக்கும் பழக்கம் நேர் எதிர். ஆப் தன் வெர்ஷன்களைப் பூட்டி வைக்கணும். ஃப்ரேம்வொர்க் "5.2.1 தான் வேணும்"னு அடம் பிடிக்கக் கூடாது, 5.2-ல இருந்து 6-க்குக் கீழே எது இருந்தாலும் சரின்னு வழி விடணும். வழி விட்டா மட்டும் போதாது, அந்த இரண்டு முனையிலும் டெஸ்ட் ஓட்டிப் பார்க்கணும். இந்த இரண்டாவது வேலையை யாரும் செய்றதில்லைங்கிறது வேற விஷயம்.

அடுத்தது மறைக்கிற கதை. கிரேடிலில் லைப்ரரியை "ஏபிஐ" என்றும் சேர்க்கலாம், "இம்ப்ளிமென்டேஷன்" என்றும் சேர்க்கலாம். இரண்டாவதைப் போட்டா லைப்ரரி உள்ளேயே ஒளிஞ்சுக்கும்னு நிறைய பேர் நம்புறாங்க. பாதிதான் உண்மை. கம்பைல் ஆகும்போது ஆப்பின் கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான். ஓடும்போது அதே லைப்ரரி அதே ஆப்புக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன மோதல் அப்படியே வரும்.

ஆனாலும் அந்தப் பாதி ரொம்ப முக்கியம். உங்க பப்ளிக் ஃபங்ஷன் ஒன்று ஆர்எக்ஸ்ஜாவா 2-இன் "அப்சர்வபிள்" ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிஷமே ஆர்எக்ஸ்ஜாவா உங்க ஃப்ரேம்வொர்க்கின் முகம் ஆகிவிட்டது. ஆர்எக்ஸ்ஜாவா 2-க்கான ஆதரவு 2021 பிப்ரவரி 28-ஓடு முடிந்துபோனது. இப்போ நீங்க 3-க்கோ கோட்லின் கொரோட்டீனுக்கோ மாறணும்னா, உங்களை நம்பி எழுதின ஒவ்வொரு ஆப்பும் தன் கோடை மாத்தணும். அதே ஃபங்ஷன் நீங்களே எழுதின ஒரு சின்ன இன்டர்ஃபேஸைக் கொடுத்திருந்தா, உள்ளே எதை மாத்தினாலும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

இந்த விஷயத்தில் ஓகேஹெச்டிடிபி எழுதியவர்களைப் பாராட்டணும். மூன்றாம் வெர்ஷன் வந்தபோது பேக்கேஜ் பெயரையே "ஓகேஹெச்டிடிபி3" என்று மாற்றினார்கள். மேவனில் உள்ள குரூப் பெயரும் மாறியது. பெயருக்குள்ள நம்பரா, பார்க்கவே நல்லா இல்லையேன்னு தோணும். ஆனால் அதனால்தான் பழசும் புதுசும் ஒரே ஆப்புக்குள் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடிந்தது.

"அப்போ எல்லாத்தையும் நாமளே எழுதணுமா?"ன்னு கேப்பீங்க. இல்லை. என்க்ரிப்ஷனைத் தயவுசெய்து நீங்களே எழுதாதீங்க. ஆனா 2016 மார்ச்சில் நடந்ததையும் மறக்காதீங்க. என்பிஎம்-இல் இருந்து "லெஃப்ட்-பேட்" என்ற பேக்கேஜை அதை எழுதியவர் எடுத்துவிட்டார். எழுத்துக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புகிற, வெறும் 11 வரி கோடு. அது இல்லாமல் பேபெல், ரியாக்ட் நேட்டிவ் பில்டுகள் எல்லாம் உடைந்தன. பதினோரு வரியை நீங்க எழுதலாம். படம் லோடு பண்றது மாதிரி நடுத்தர வேலைகளுக்கு இன்னொரு வழி இருக்கு: "இந்த யூஆர்எல்-ல இருக்கிற படத்தை இங்கே காட்டு"ன்னு ஒரே ஒரு இன்டர்ஃபேஸ் மட்டும் நீங்க வைங்க. கிளைடா, காயிலா என்பதை ஆப் எழுதுறவர் முடிவு பண்ணட்டும். அவர்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்.

நம்ம கையில் இல்லாத விஷயங்களும் உண்டு. 2020 மே மாதம் ஃபேஸ்புக் தன் சர்வர் பக்கம் செய்த ஒரு மாற்றத்தில் அதன் ஐஓஎஸ் எஸ்டிகே க்ராஷ் ஆனது. ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட், டிண்டர் எல்லாம் திறந்த உடனே மூடிக்கொண்டன. அந்த ஆப்களின் சொந்தக் கோடில் குற்றம் எதுவும் இல்லை. ஜூலை 10 அன்று மறுபடியும் அதே கூத்து. இன்னும் கிட்டத்தில் வந்தால், ஆண்ட்ராய்டு 15-ஐ டார்கெட் பண்ணும் ஆப்கள் 16 கேபி மெமரி பேஜை ஆதரிக்க வேண்டும் என்ற கூகுள் பிளே விதி, 2025 நவம்பர் 1 தேதியிட்டது. உங்க ஃப்ரேம்வொர்க்குக்குள்ள யாரோ சி++-ல எழுதிக் கொடுத்த ஒரு பழைய பைனரி இருந்தா, ஆப் எழுதுறவரால ஒண்ணும் பண்ண முடியாது. உங்களாலயும் முடியாது. அதைக் கொடுத்தவர் மறுபடி பில்டு பண்ணித் தரணும்.

நம்ம காலேஜ் கணக்கு இன்னும் மோசம். கம்பெனியில் ஒரு ஃப்ரேம்வொர்க்குக்கு ஒரு டீம் இருக்கும். இங்கே அதை எழுதினவர் ஃபைனல் இயர். இன்னும் இரண்டு செமஸ்டர்ல போயிடுவார். அவர் சேர்த்த லைப்ரரிகளோட அப்டேட், செக்யூரிட்டி ஓட்டை, லைசென்ஸ் சிக்கல் எல்லாம், அதை ஏன் சேர்த்தார்னே தெரியாத ஒரு செகண்ட் இயர் தம்பி, தங்கச்சி தலையில விழும்.

அதனால ஈவன் செமஸ்டர் முடியறதுக்குள்ள ஒரு வேலை செய்ங்க. கிரேடிலோட "டிபென்டென்சீஸ்" கட்டளையை ஓட்டி முழு மரத்தையும் பாருங்க. நீங்களே நேரடியா சேர்த்த ஒவ்வொண்ணுக்கும் ரீட்மீயில எழுதுங்க: எதுக்காகச் சேர்த்தது, உங்க கோடில் எந்தக் கிளாஸ் மட்டும் அதைத் தொடுது, லைசென்ஸ் என்ன, எடுத்துட்டா எது உடையும். இருபதுக்கும் எழுத உட்கார்ந்தா கை வலிக்கும். ஏழெட்டு தாண்டுறதுக்குள்ள நாலஞ்சை நீங்களே தூக்கிடுவீங்க.