கணினிக்குள் புகுந்த பொய்ச் சாட்சி

பொய்ச் சாட்சி இந்நாட்டு உழைக்கும் மக்களுக்குப் புதிதல்ல. வெள்ளையர் ஆட்சியில் தோழர் பி. ராமமூர்த்தி முதலானோர் மீது ஜோடிக்கப்பட்ட மதுரைச் சதி வழக்கு, 1947 ஆகஸ்டில் சுதந்திரத்தின் தறுவாயில் தவிடுபொடியாயிற்று. அன்று பொய்ச் சாட்சி கூண்டில் ஏறினான். குறுக்கு விசாரணையில் அவன் திணறுவதை ஊரே பார்த்தது. இன்றைய பொய்ச் சாட்சிக்கு நாக்கு கிடையாது. ஒருவருடைய கணினிக்குள், அவருக்கே தெரியாமல் வைக்கப்படும் கோப்புதான் அது.

பீமா கோரேகான் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2018 ஜூன் முதல், வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் எழுத்தாளர்களுமாக 16 பேர் 'உபா' சட்டத்தின்கீழ் சிறையிலடைக்கப்பட்டனர். கணினிகளில் 'கிடைத்த' கடிதங்களே பிரதான சாட்சியம். அவர்களில் ஒருவரான ரோணா வில்சனின் மடிக்கணினிப் பதிவின் நகலை, எதிர்த்தரப்பின் வேண்டுகோளின்பேரில், அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான அதன் அறிக்கை கூறுவதென்ன? 2016 ஜூன் 13 அன்று தெரிந்தவர் பெயரில் வந்த மின்னஞ்சலோடு, 'நெட்வயர்' என்னும் வேவு மென்பொருள் உள்ளே நுழைந்தது. 22 மாதங்கள் அந்தக் கணினி அந்நியன் பிடியில் இருந்தது. கடிதங்களை வைத்தவன் அவனே!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மாயம் ஏதுமில்லை. ஒவ்வொரு கோப்பும் எப்போது வந்தது, எப்போது திறக்கப்பட்டது என்று கணினி தானே கணக்கு எழுதுகிறது. அழித்தாலும் துணுக்குகள் தங்கும். அக்கடிதங்கள் மறைவான கோப்புறையில் கிடந்தன. எவரும் ஒருமுறைகூடத் திறந்ததற்கு அடையாளம் இல்லை. அவற்றுள் சில, வில்சனின் கணினியில் இருந்த 2007-ஆம் ஆண்டு 'வேர்ட்' மென்பொருளில் அல்ல, அதற்குப் பிந்திய பதிப்புகளில் தயாரானவை. திருடன் தன் கால்தடத்தை விட்டுத்தான் போனான்.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சாமியின் கணினியும் இப்படியே தாக்கப்பட்டது என்று அதே நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2019 ஜூன் 12 அன்று போலீசார் அதைக் கைப்பற்றினர். அதற்கு முந்தைய நாள்தான், ஊடுருவியவன் தன் தடயங்களை மும்முரமாகத் துடைத்திருக்கிறான்! மறுநாள் சோதனை என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? இந்த அறிக்கையைக் காண அம்முதியவர் உயிரோடு இல்லை. நடுங்கும் கையால் தம்ளர் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட நேர்ந்த அந்த 84 வயதுக் கைதி, 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே மாண்டார்.

தேசியப் புலனாய்வு முகமை இம்முடிவுகளை மறுக்கிறது. மறுக்கட்டும். மடியில் கனமில்லை என்றால், சுதந்திரமான நிபுணர்களின் பரிசீலனைக்கு அஞ்சுவானேன்?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டம், மின்னணுச் சான்றுக்கு 'ஹாஷ்' என்னும் எண் முத்திரையைக் கேட்கிறது. நல்லது, ஆனால் போதாது. மூட்டையில் அரக்கு முத்திரை வைத்தபின் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கே அது அத்தாட்சி. முத்திரைக்கு முன்பே மூட்டைக்குள் கல்லைப் போட்டவன் யார் என்பதை அது சொல்லாது.

ஆகவே நாம் கோருவது இவை: கைப்பற்றும் இடத்திலேயே உரியவர் முன்னிலையில் முத்திரை எண் பதிவு செய்யப்பட வேண்டும். முழு நகல் உடனே அவர் கையில் கிடைக்க வேண்டும். தாம் விரும்பும் நிபுணரைக் கொண்டு ஆராயும் உரிமையும், ஏழைக்கு அதற்கான செலவை அரசே ஏற்பதும் சட்டமாக வேண்டும். வெறும் கோப்பை நம்பி ஜாமீன் மறுக்கும் கொடுமை ஒழிய வேண்டும்.

இன்று சங்கத் தலைவரின் கைபேசி. நாளை சாதாரண விவசாயியின் கைபேசி. ஜனநாயகத்தில் பற்றுள்ள அனைவரும் ஒன்றுபட்டு இக்கோரிக்கைகளை முழங்குவோம்!