சிவப்பு மையில் ஒரு கொட்டேஷன்



ஆடி பிறந்துவிட்டால் பாண்டி பஜாரில் கால் வைக்க இடம் இருக்காது. அதே நாட்களில் அண்ணா சாலையிலோ அடையாறிலோ ஒரு கார் ஷோரூமுக்குள் நுழைந்து பாருங்கள், ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆடியில் புது வண்டியை வாசலில் நிறுத்த நம் வீட்டுப் பெரியவர்கள் எங்கே சம்மதிக்கிறார்கள்? விலை பேச இதைவிட நல்ல மாதம் கிடையாது என்பது என் கட்சி.

எங்கள் லே-அவுட் தம்பிக்கு மந்தைவெளியில் வீடு. போன வாரம் ஒரு கொட்டேஷனோடு வந்தான். "கம்பெனி விலை சார், பைசா குறையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மெய்ப்புப் பார்க்கும் அக்கா தாளை வாங்கினார். பழக்க தோஷம், சிவப்புப் பேனாவும் கைக்கு வந்துவிட்டது.

"கார் விலையை விடு தம்பி. அதுக்குக் கீழே இருக்கறதை வரிக்கு வரி படி."

முதலில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்'. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது விற்பவர் வேலை. அதற்கு அவருக்குக் கமிஷன் உண்டு. அடித்தார். அடுத்தது 'எசென்ஷியல் கிட்': மேட், மட் ஃப்ளாப், சீட் கவர் எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை. "ஜி.பி. ரோடு ஆக்சஸரி கடைகள்ல ஒரு நடை கேட்டுட்டு வா" என்று சுழித்தார்.

பெரிய மீன் இன்ஷூரன்ஸ். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் எடுத்தால் போதும். ஷோரூமிலேயேதான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. "வெளியே எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்று பயமுறுத்துவார்கள். அது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஏற்பாடு, ஷோரூம் தருகிற வரம் அல்ல. வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கி மேஜையில் வைத்தால் அவர்கள் தொகையும் தானாக இறங்கும்.

சாலை வரியில் பேரம் நடக்காது. ஆனால் அக்கா அதிக நேரம் பேனாவை ஊன்றியது அங்கேதான். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை, 18. தம்பி ஆசைப்பட்ட சன்ரூஃப் மாடல் ஷோரூம் விலை 10,10,000. அதற்கு ஒரு படி கீழே உள்ளது 9,90,000. முதலாவதுக்கு வரி 1,81,800, இரண்டாவதுக்கு 1,28,700. ஆக, 20 ஆயிரம் வித்தியாசம் 73,100 ஆகிவிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் டி.சி.எஸ். ஒரு சதவீதம் வேறு. அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். நம் ஊர் வெயிலில் கூரையைத் திறந்துகொண்டு யார் போகப் போகிறார்கள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். தம்பி என்னை முறைத்தான்.

கார்ப்பரேட் டிஸ்கவுண்டும் கேட்டுப் பார்த்தான். பெரிய பெரிய நிறுவனங்களின் பட்டியலில் நம் பத்திரிகை இல்லை. வருத்தம்தான்.

இரண்டாவது கொட்டேஷன் வந்தது. கிட் போயிருந்தது, இன்ஷூரன்ஸ் இறங்கியிருந்தது. ஹேண்ட்லிங் இருந்த இடத்தில், அதே தொகைக்கு, 'லாஜிஸ்டிக்ஸ்'.

"பேரை மாத்திட்டா பிழை போயிடுமா?" என்றார் அக்கா. திரும்பவும் அடித்தார்.

மூன்றாவது தாளில் அதுவும் இல்லை. ஷோரூம் பையனுக்கு மாதக் கடைசிக்குள் பில் போட்டாக வேண்டும், டார்கெட். தம்பியின் அம்மாவுக்கோ ஆடி முடிந்தாக வேண்டும். கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஆடிப்பெருக்கு கிடைத்தது. 31-ஆம் தேதி பில், பதினெட்டாம் பெருக்கன்று டெலிவரி, நேரே பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் பூஜை. சன்ரூஃப் இல்லாத வண்டிதான்.

கையெழுத்துப் போடுமுன் தாளை அக்காவிடம் ஒருமுறை காட்டினான். தொகைகளையெல்லாம் ஒத்துக்கொண்டார். அடியில் தமிழில் அச்சடித்திருந்த ஒரு வரியில் பேனா நின்றது. 'தங்கள் புதிய வாகனத்திற்க்கு வாழ்த்துகள்.'

அந்த 'க்'கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்