கறுப்புப் பெட்டி குற்றவாளியா?

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் ரயில்களில் விடியும் முன்பே கூட்டம் ஏறிவிடும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், உரிகம் என்று கோலார் தங்கவயலின் நாலா பக்கத்திலிருந்தும் ஸ்டேஷனுக்கு வண்டிகள் விரைகின்றன. ரயிலைத் தவறவிட்டால் அன்றைய கூலி போச்சு. அந்த நேரத்தில் பார்த்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருமி, செருமி, நின்றுவிடுகிறது. பத்து உதை, இருபது உதை. பெட்ரோல் இருக்கிறது; பிளக்கில் மட்டும் பொறி இல்லை.

மாலையில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் தீர்ப்பு பெரும்பாலும் ஒரே வரிதான்: "சிடிஐ போயிடுச்சு, புதுசு போடணும்." சீட்டுக்கோ டாங்குக்கோ அடியில் ஒளிந்திருக்கும் தீப்பெட்டி சைஸ் கறுப்புப் பெட்டி கழற்றப்படுகிறது, வேறொன்று மாட்டப்படுகிறது. வண்டி கிளம்பிவிட்டால் கதை முடிந்தது. கிளம்பாவிட்டால்? அல்லது கிளம்பி, நான்காவது நாள் அதே இடத்தில் மறுபடி நின்றால்? பெட்டிக்குக் கொடுத்த காசு திரும்பி வராது.

இதில் ஒரு சிறிய அநீதி இருக்கிறது. குற்றம் சாட்டப்படும் பெட்டிகளில் கணிசமானவை நிரபராதிகள்.

தங்கவயலில் இது அற்ப சங்கதியல்ல. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கு காலூன்றிய பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் வந்து குடியேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று காலடியில் வேலை இல்லை. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்த பிழைப்பு, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு இடம் மாறிவிட்டது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. அங்கே ஒரு பிளக்குக்குக் கரன்ட் வராததால் ஒரு நாள் சம்பளம் போவது, சொல்லப்போனால், கொஞ்சம் குரூரமான வேடிக்கை.

பழைய ஜாவா, எஸ்டி, புல்லட் வண்டிகளில் இந்தப் பிரச்சினை வேறு விதமாக இருந்தது. அவற்றில் 'பிளாட்டினம்' உண்டு. திறந்து மூடி மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் ஒரு ஜோடி உலோக முனைகள். கறுத்துப்போனால் உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, இடைவெளியைச் சரிபார்த்தால் வண்டி ஓடும். கண்ணுக்குத் தெரிகிற பழுது, கைக்கு எட்டுகிற வைத்தியம். 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ். 100 மாதிரியான ஜப்பானிய வழி வண்டிகள் வரத் தொடங்கியதும் பிளாட்டினத்தின் இடத்தில் பெட்டி உட்கார்ந்தது. தேய்மானம் இல்லை, அடிக்கடி டியூனிங் வேண்டாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. பிடிவாதமான காதலர்கள் அதை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டிக்குள் நடப்பது அப்படியொன்றும் மந்திரமல்ல. என்ஜினோடு சேர்ந்து மேக்னெட் சுழலும்போது அதற்குள் இருக்கும் ஒரு காயிலில் சில நூறு வோல்ட் பிறக்கிறது. டயோடு ஒன்று அதை ஒரு திசையில் மட்டும் விட, கெப்பாசிட்டர் அதைச் சேமித்து வைக்கிறது. பொறி வேண்டிய கணத்தில் பிக்கப் காயில் ஒரு சின்ன சைகை தருகிறது. எஸ்.சி.ஆர். என்ற மின்னணுக் கதவு படீரெனத் திறக்கிறது. சேமித்ததெல்லாம் ஒரே மூச்சில் எச்.டி. காயிலுக்குள் பாய, மறுபக்கம் பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறி தெறிக்கிறது. கெப்பாசிட்டரில் சேமித்துப் பொறி உண்டாக்கும் யோசனைக்கு நிக்கோலா டெஸ்லா 1898-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதைச் சின்னப் பெட்டிக்குள் அடக்க எஸ்.சி.ஆர். பிறக்க வேண்டியிருந்தது. 1969-ல் கவாசாகியின் 500 சி.சி. மாக் 3 வண்டியில் அது சாலைக்கு வந்தது.

தங்கவயல்காரர்களுக்கு வேறு விதமாகவும் சொல்லலாம். சுரங்கங்களில் டெட்டனேட்டரை வெடிக்கவைக்கும் கெப்பாசிட்டர் வகை எக்ஸ்ப்ளோடரும் இதே வேலையைத்தான் செய்கிறது: சேர்த்துவை, ஒரே தட்டில் கொட்டு. வித்தியாசம், வண்டியில் இருக்கும் பெட்டி அதை நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை செய்கிறது.

அப்படியானால் பொறி வராததற்கு யாரையெல்லாம் சந்தேகிக்கலாம்? வரிசை நீளமானது. பெட்டி அந்த வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியது.

முதல் ஆள் சாவி சுவிட்ச். பேட்டரியை நம்பாமல் மேக்னெட்டிலேயே ஓடும் இந்த வகை வண்டிகளில் சாவியை அணைப்பது என்றால் மின்சாரத்தை வெட்டுவதல்ல. பெட்டியிலிருந்து வரும் ஒரு ஒயரை எர்த்தோடு சேர்த்துவிடுவது. அந்த ஒயர் எங்கேயாவது தோல் உரிந்து சட்டகத்தில் உரசினாலும், சுவிட்சுக்குள் ஈரம் இறங்கினாலும் வண்டி தன்னை யாரோ அணைத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும். பெட்டி அருகே அந்த ஒரு ஒயரை மட்டும் பிரித்துவிட்டு உதைத்துப் பார்த்தால் போதும். பொறி வந்தால் பெட்டிக்கு விடுதலை. அரை நிமிஷ வேலை; பாதி கடைகளில் இதைச் செய்வதில்லை. (இப்படி ஓட விட்டால் சாவியால் அணைக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது.)

அடுத்து பிளக், பிளக் மூடி, எர்த். பெட்டி சட்டகத்தில் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் போதும், பொறி நொண்டும். இணைப்பிகளைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். சயனைடு மேடுகளிலிருந்து பறந்து வரும் மண் தூசியைச் சுவாசித்தே வளர்ந்த ஊரில் இணைப்பிகளைச் சுத்தம் செய்யத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான வில்லன் பெரும்பாலும் மேக்னெட்டுக்குள் இருக்கும் காயில். தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் சுற்றப்பட்டது. என்ஜினின் சூட்டில் வருஷக்கணக்கில் வேகிறது. உள்ளே ஒரு இடத்தில் விரிசல் விட்டால், குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறியதும் விலகும். "காலையில் ஒரு உதையில் கிளம்புது சார், ஆறேழு கிலோமீட்டர் போனதும் நிக்குது, கால் மணி கழிச்சுக் கிளம்புது" என்கிற புகாரின் சொந்தக்காரர் அநேகமாக இதுதான். கடையில் நிறுத்திவைத்து ஆறிய பிறகு மல்டிமீட்டரில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். வண்டி நின்ற சூட்டோடு அளக்க வேண்டும். சில நூறு ஓம் காட்ட வேண்டிய காயில் சூட்டில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது செம்பின் இயல்பு. எதுவுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. வைண்டிங் தெரிந்தவர் அதை மறுபடி சுற்றித் தருவார்.

இவ்வளவு தெரிந்தும் மெக்கானிக் ஏன் பெட்டியை மாற்றுகிறார்? அவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பெட்டி மாற்ற ஐந்து நிமிஷம். காயிலைச் சூட்டில் பிடிக்க அரை நாள். மாற்றிய பொருளுக்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், தேடிய நேரத்துக்குக் கொடுப்பதில்லை. "ஒண்ணுமே மாத்தல, ஒரு ஒயரைத்தான் ஒட்டினேன்" என்று உண்மையைச் சொல்லும் மெக்கானிக்குக் கிடைப்பது டீக்காசு. மறுநாள் ரயில் பிடிக்க வேண்டியவருக்கோ காரணம் தேவையில்லை, வண்டி தேவை. ஆக, நல்ல பெட்டி குப்பைக்குப் போகிறது. அதன் இடத்தில் வருவது பெரும்பாலும் டூப்ளிகேட். வேறு மாடலின் பெட்டி அளவு பொருந்தி மாட்டிக்கொண்டாலும் பொறி விழும் நேரம் பொருந்தாமல் போகலாம். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பொறி முந்திக்கொண்டால் பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்கு விஷயம் முற்றும்.

சில சமயம் பெட்டி நிஜமாகவே செத்திருக்கும். வேறு வண்டியின் நல்ல பெட்டியை மாட்டி, சூடாகும்வரை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். பிளக்கைக் கழற்றி எர்த்தில் படாமல் தொங்கவிட்டு உதைத்து சோதிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். போக வழியில்லாத உயர் அழுத்தம் காயிலையும் பெட்டியையும் துளைக்கும். நல்ல பெட்டிகள் சில சோதனையிலேயே மாண்டிருக்கின்றன.

செத்த பெட்டியைத் திறக்க நினைப்பவரை முதலில் தடுப்பது எபாக்ஸி. தயாரிப்பாளர் பெட்டி முழுக்க அதை ஊற்றி இறுக்கிவிடுகிறார். ரகசியம் காக்கத்தான் என்று கடைகளில் பேசிக்கொள்வதுண்டு. அதிர்வையும் மழைத்தண்ணீரையும் தாங்க அது வேண்டியும் இருக்கிறது. ஹாட் ஏர் கன்னால் இளஞ்சூடு காட்டி, இளகிய இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்க வேண்டும். அவசரப்பட்டால் எபாக்ஸியோடு போர்டின் செம்புக் கோடும் உரிந்து வரும். எல்லாப் பெட்டியும் பிழைக்காது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. தொடுவதற்கு முன் கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்யவும் வேண்டும். வண்டியிலிருந்து கழற்றிய பிறகும் அது கடிக்கும்.

திறந்துவிட்டால் ஏமாற்றமாகவே இருக்கும். பழைய பெட்டியில் ஓரிரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு எஸ்.சி.ஆர்., சில ரெசிஸ்டர். பல நேரம் எந்த உதிரியும் போயிருக்காது. அதிர்வில் ஈயப்பற்று விரிந்திருக்கும். மறுபடி பற்றவைத்தால் உயிர் வரும். கெப்பாசிட்டர் வலுவிழந்திருந்தால் குறைந்தது 400 வோல்ட் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் ரகம் போட வேண்டும். அளவு பழையதே இருக்கட்டும். வழக்கமாக ஒரு மைக்ரோபாரட்டை ஒட்டியிருக்கும். டயோடுக்கு 1என் 4007, எஸ்.சி.ஆருக்கு 600 வோல்ட் தாங்கும் ஒன்று. பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு, டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட் எங்கும் கிடைக்கும் சாமான்கள். டயோடின் விலை ஓரிரு ரூபாய். மைக்ரோ கன்ட்ரோலர் வைத்த பிந்தைய பெட்டிகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தது. செல்போன், விவசாயக் கருவிகளோடு வாகனங்களும் அதில் அடக்கம். பல பத்தாண்டுகளுக்கு முன் உற்பத்தி நின்ற வண்டியின் வரைபடமோ, இப்போதைக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களின் நோட்டுப் புத்தகங்களில்தான் இருக்கிறது.

சரிசெய்த பெட்டியை உடனே மாட்டிவிடக் கூடாது. ஹேர் டிரையரால் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூடும்போது மறுபடி எபாக்ஸி ஊற்றாமல் சிலிக்கான் பசை போட்டால் தண்ணீரும் இறங்காது. அடுத்த முறை திறப்பவர் பிளேடால் அறுத்தே எடுத்துவிடலாம்.