முடியாது என்று சொல்லும் கருவி

ஒருநாள் மன்னாரில் அவசரமாக ஒரு பஸ்ஸில் ஏறி, "நறுவிலிக்குளம் ஒன்று" என்று காசை நீட்டினேன். நடத்துனர் வாங்கவில்லை. "தங்கச்சி, இந்த பஸ் அந்தப் பக்கம் போகாது. இறங்கி அடுத்ததில போங்க" என்றார். அப்போது சினம் வந்தது. பேசாமல் காசை வாங்கியிருந்தால் நான் எங்கே போய் நின்றிருப்பேன் என்பது பிறகுதான் புரிந்தது.

கணினியில் கட்டளை வரி பழகத் தொடங்கியபின் அவரை அடிக்கடி நினைக்கிறேன். அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் சில தெரிவுகள் உண்டு. தெரிவு சரியானதாகவே இருக்கும். நாம் கொடுத்த இடத்தில் மட்டும் அதற்கு வேலை இராது. அப்போது கருவி என்ன செய்ய வேண்டும்?

தமிழில் இருந்த வகுப்புப் பெயர்ப்பட்டியலில், காற்புள்ளியால் பிரித்த இரண்டாம் நிரலை எடுக்க லினக்ஸின் 'கட்' கட்டளையை இட்டேன். பிரிகுறியைச் சொல்லும் 'டி' தெரிவைக் கொடுத்தேன். ஆனால் புலத்துக்குரிய 'எஃப்' இற்குப் பதிலாக, பைட்டுக்குரிய 'பி' ஐ அழுத்திவிட்டேன். புலங்களாகப் பிரிக்கும்போது மட்டுமே பிரிகுறி பொருந்தும் என்று சொல்லி அது நின்றுவிட்டது. ஓடியிருந்தால்? யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட்டுகள். ஒரு பைட்டை மட்டும் வெட்டினால் பெயர்கள் சிதைந்த குறிகளாகியிருக்கும்.

அதே குனூ தொகுப்பின் 'டெயில்' வேறு விதம். கோப்பைத் தொடர்ந்து கவனிக்கும்போது மட்டும் பயன்படும் 'பிஐடி' தெரிவை மற்ற வேளையில் கொடுத்தால், எச்சரித்துவிட்டு வேலையை முடிக்கும். அதுவும் நியாயமே, வெளிவரும் வரிகள் மாறுவதில்லை.

எதற்கும் எச்சரித்தால் போதும், நின்றால் பழைய நிரல்கள் முறியும் என்பார் சிலர். ஆனால் இரவில் தானாக ஓடும் நிரலின் எச்சரிக்கையை யார் வாசிப்பது? முடிவில் 0 என்ற எண் வந்தால், வேலை சரி என்றே அடுத்த கட்டளை நம்பும்.

ஆகவே என் கருத்து இது: விடை மாறுமென்றால் நிற்க வேண்டும், மாறாதென்றால் எச்சரிக்க வேண்டும், மௌனம் மட்டும் கூடாது. எந்தத் தெரிவு, எங்கே பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேட்க ஆளில்லாமல் வீட்டில் தனியே கணினி பழகும் மாணவிகள் நம்மில் பலர். கருவி பேசாமலிருந்தால், செய்தது சரி என்றே அவள் நினைப்பாள். நாளை நிரல் எழுதப்போகும் தோழியரே, நீங்கள் எழுதும் கருவி அந்த நடத்துனரைப் போல, காசை வாங்குமுன் வாய் திறக்கட்டும்.