கட்டணம் கொடுத்தால் மட்டும் போதுமா?

பணம் கொடுத்துச் செய்வித்த வேலை பணம் கொடுத்தவருக்கே சொந்தம் என்ற நம்பிக்கை எம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மேசன் கட்டிய மதிலுக்கு அது பொருந்தும். ஆலோசகர் எழுதித் தரும் ஆவணத்துக்கு எப்போதும் பொருந்துவதில்லை.

பிரித்தானியாவில் 1992 ஆம் ஆண்டு ஒலிபரப்பை ஆரம்பித்த கிளாசிக் எவ்.எம். வானொலி, அதற்கு முந்திய ஆண்டில் றொபின் றே என்ற அனுபவமிக்க ஒலிபரப்பாளரை ஆலோசகராக அமர்த்தியது. மேற்கத்தைய செவ்வியல் இசைப்பதிவுகளை வகைப்படுத்தி, நேயர்களை அவை எந்த அளவுக்குக் கவரும் என்று மதிப்பிட்டு, பெரும் பட்டியலொன்றை அவர் தயாரித்தார். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. ஆனால், பதிப்புரிமை யாருக்கு என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பின்னர் அந்தப் பட்டியலை வெளிநாட்டு வானொலிகளுக்கு வழங்க நிறுவனம் முற்பட்டபோது றே நீதிமன்றம் சென்றார். கூட்டங்களில் தமது ஊழியர்களும் யோசனை கூறியதால் தாமும் கூட்டுப் படைப்பாளியே என்று நிறுவனம் வாதிட்டது. 1998 இல் வெளியான தீர்ப்பு அதை ஏற்கவில்லை. உரிமை றேயினுடையது, பிரித்தானியாவில் ஒலிபரப்புக்காகப் பயன்படுத்தும் அனுமதி மாத்திரமே நிறுவனத்துக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது.

அந்த நாட்டின் 1988 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தமது கடமையின்போது ஆக்குவது வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முதலாளிக்குரியது. வெளியாளான ஆலோசகரின் ஆக்கம் பொதுவாக அவருக்கே உரியது. அதைக் கைமாற்ற அவர் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும். இவ்விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆகவே, சட்டம் காப்பாற்றும் என்று வாளாவிருப்பது விவேகமல்ல.

ஆலோசகரை அமர்த்துமுன் சிலவற்றைத் தீர்மானித்தே ஆகவேண்டும். வேலையின் எல்லை எது? எப்போது, எந்த வடிவில் அது ஒப்படைக்கப்படும்? கட்டணம் எந்தக் கட்டங்களில் செலுத்தப்படும்? அறிந்துகொண்ட இரகசியங்களை அவர் எவ்வாறு பேணவேண்டும்? இடைநடுவில் பிரிய நேர்ந்தால் முடித்த பகுதிக்கு என்ன கொடுப்பனவு? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆக்கம் யாருக்குச் சொந்தம்?

தெரிந்தவரிடம் இவற்றையெல்லாம் எழுத்தில் கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று நமது சங்கங்களும் பத்திரிகைகளும் தயங்குகின்றன. வாய்ப்பேச்சில் தொடங்கிய ஏற்பாடுகள் முகம் பார்க்காத பகையில் முடிந்ததைப் பத்திரிகைத் தொழிலில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். றேயைத் தோற்கடிக்கவோ காப்பாற்றவோ அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால், இரு தரப்பும் நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை. எழுதிக்கொள்வது நம்பிக்கையீனம் அல்ல. நட்பு நிலைக்கவேண்டும் என்று விரும்புபவர்களே முதலில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பேன்.